தொடக்ககாலத் தொழில்முறை அடிபந்தாட்ட நினைவுப்பொருள் சேகரிப்பு

தொடக்ககாலத் தொழில்முறை அடிபந்தாட்ட நினைவுப்பொருள் சேகரிப்பு என்பது, ஐக்கிய அமெரிக்காவில் அடிபந்தாட்டம் (பேஸ்பால்) ஊதியம் பெறும் ஆட்டக்காரர்களின் தொழிலாக உருவெடுத்த காலத்தைச் சேர்ந்த அட்டைகள், ஒளிப்படங்கள், பந்துகள், மட்டைகள், சீருடைகள், கையொப்பங்கள், ஆவணங்கள் முதலியவற்றைத் தேடித் திரட்டிப் பாதுகாக்கும் பொழுதுபோக்கும் அதனைச் சார்ந்த வணிகமும் ஆகும். சில்லறைக் காசுக்கு விற்ற சிகரெட்டுப் பெட்டியில் இலவசமாக வைக்கப்பட்ட ஒரு சிறு அட்டை 2022ஆம் ஆண்டில் 72.5 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. இத்தகைய விலைகளின் காரணமாக இத்துறையில் போலிகளும் திருட்டும் பெருகின. எனவே ஒரு பொருள் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறி வந்தது என்னும் உடைமை வரலாறு, அப்பொருளுக்கு இணையான முக்கியத்துவம் பெற்றுள்ளது.

காலவரையறை

அடிபந்தாட்டத்தின் எழுத்து வடிவிலான தொடக்க விதிகளுள் ஒன்று, நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கழகத்தால் 1845இல் ஏற்கப்பட்டது. அக்காலத்தில் இது பொழுதுபோக்கு ஆட்டமாகவே இருந்தது. 1869இல் சின்சினாட்டி ரெட் இசுடாக்கிங்சு அணி, தன் ஆட்டக்காரர் அனைவருக்கும் வெளிப்படையாக ஊதியம் வழங்கிய முதல் அணியாகக் களமிறங்கியது. ஹாரி ரைட் என்பவர் வழிநடத்திய இவ்வணி அவ்வாண்டில் தோல்வியே காணவில்லை. 1871இல் தொழில்முறை ஆட்டக்காரர்களின் முதல் சங்கமும், 1876இல் நேஷனல் லீக்கும் தோன்றின. 1901இல் அமெரிக்கன் லீக் இதற்குப் போட்டியாக எழுந்தது. இரு லீக்குகளின் வெற்றியாளர்களும் மோதிய முதல் உலகத் தொடர் 1903இல் நடைபெற்றது.

சேகரிப்பாளர்கள் பொதுவாக 1869 முதல் 1919 வரையிலான அரை நூற்றாண்டைத் தொடக்ககாலமாகக் கொள்வர். 1920க்குப் பின் பேப் ரூத்தின் வருகையாலும் ஆட்டமுறை மாற்றங்களாலும் ஆட்டத்தின் தன்மையே மாறியது. தொழில்முறைக்கு முந்தைய 1840கள், 1850களைச் சேர்ந்த ஆவணங்களும் இத்துறையில் சேர்த்தே கருதப்படுகின்றன.

பொருட்களின் வகைகள்

ஒளிப்படங்கள்

தடித்த அட்டையில் ஒட்டப்பட்ட சிறு அளவு ஒளிப்படங்களும், அவற்றினும் பெரிய அலமாரி அட்டை ஒளிப்படங்களும் 19ஆம் நூற்றாண்டின் முதன்மையான நினைவுப்பொருட்கள் ஆகும். நியூயார்க்கின் பெக் அண்டு சுனைடர் என்னும் விளையாட்டுப் பொருள் கடை, சின்சினாட்டி அணியின் படத்தைத் தன் விளம்பர அட்டையில் அச்சிட்டு வழங்கியது. இது அடிபந்தாட்ட அட்டைகளின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

புகையிலை அட்டைகள்

மெல்லிய தாள் உறையில் சிகரெட்டுகள் நசுங்காதிருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைக்கப்பட்டது. அவ்வட்டையில் நடிகையர், விலங்குகள், விளையாட்டு வீரர்கள் ஆகியோரின் படங்களை அச்சிட்டால் வாங்குபவர் மீண்டும் மீண்டும் வாங்குவர் என்பதை நிறுவனங்கள் உணர்ந்தன. கூட்வின் நிறுவனம் 1886 முதல் 1890 வரை தன் ஓல்டு ஜட்ஜ் சிகரெட்டுகளுடன் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் படங்களை வெளியிட்டது. அன்றைய ஒளிப்படக் கருவிகளால் விரைந்து ஓடும் பந்தைப் படமெடுக்க இயலாது. ஆகவே ஒளிப்பட நிலையத்தில் நூலில் பந்தைத் தொங்கவிட்டு, ஆட்டக்காரர் அதைப் பிடிப்பதுபோல் நிற்கவைத்துப் படமெடுத்தனர். சில அட்டைகளில் அந்நூல் இன்றும் தெளிவாகத் தெரிகிறது.

1890இல் பெரிய நிறுவனங்கள் இணைந்து அமெரிக்கப் புகையிலை நிறுவனம் உருவானது. போட்டி மறைந்ததால் அட்டைகளின் தேவையும் குறைந்தது. 1909 முதல் 1911 வரை இந்நிறுவனம் மீண்டும் வெளியிட்ட, 524 அட்டைகளைக் கொண்ட கல்லச்சு வண்ணத் தொகுதியே இன்று டி206 என அழைக்கப்படுகிறது. இனிப்புப் பண்ட நிறுவனங்களும் இதே காலத்தில் அட்டைகளை வெளியிட்டன.

கருவிகள், சீருடைகள்

தொடக்க காலத்தில், ஆட்டத்தில் வென்ற அணிக்கு ஆட்டப் பந்தே பரிசாக வழங்கப்பட்டது. நாள், எதிரணி, புள்ளிகள் ஆகியவற்றை அதன்மேல் எழுதி வைப்பது வழக்கம். இவை வெற்றிப் பந்துகள் எனப்படுகின்றன. மட்டைகளைப் பொறுத்தவரை, 1905இல் ஓனசு வாக்னர் என்னும் ஆட்டக்காரர் தன் கையொப்பத்தை லூயிவில் நகர மட்டை நிறுவனத்தின் மட்டைகளில் பொறிக்க உடன்பட்டது ஒரு திருப்புமுனையாகும். கம்பளிச் சீருடைகள் மிக அரிதாகவே எஞ்சியுள்ளன. ஆட்டக்காரர்கள் கிழியும்வரை அவற்றை அணிந்ததும், பழைய சீருடைகள் கீழ்நிலை அணிகளுக்கு அளிக்கப்பட்டதும் இதற்குக் காரணங்கள் ஆகும்.

கையொப்பங்கள்

கையொப்பத்தின் விலையை ஆட்டக்காரரின் புகழும், அவர் எத்தனை முறை கையொப்பமிட்டார் என்பதும் தீர்மானிக்கின்றன. "ஷூலெஸ்" ஜோ ஜாக்சன் எழுதப் படிக்க அறியாதவர். தன் பெயரை வரைவதுபோல் எழுதுவதே அவருக்குக் கடினமாக இருந்தது. அவர் கையொப்பமிட்ட 1911ஆம் ஆண்டு ஒளிப்படம் ஒன்று 2021இல் 14 இலட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது.

ஆவணங்கள்

கழகக் கணக்கேடுகள், ஒப்பந்தங்கள், கடிதங்கள், புள்ளி ஏடுகள் ஆகியவை வரலாற்றாய்வுக்கு மிகவும் பயன்படுபவை. "டாக்" ஆடம்சு என்பவர் தொடர்பான 1857ஆம் ஆண்டின் கையெழுத்து விதிகள், தளங்களுக்கு இடையே 90 அடித் தொலைவு, ஒன்பது சுற்றுகள் ஆகிய இன்றுள்ள அடிப்படைகளை வகுத்தன. 1999இல் ஏலத்தில் இவை ஏறத்தாழ 12,000 டாலருக்கு விற்கப்பட்டன. இவற்றின் முக்கியத்துவம் பின்னரே முழுமையாக உணரப்பட்டது. 2016இல் அதே தாள்கள் 32.6 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டன.

சேகரிப்பின் வரலாறு

தொடக்கத்தில் சேகரித்தோர் ஆட்டத்தோடு நேரடித் தொடர்புடையோரே ஆவர். பாசுடன் நகரில் மைக்கேல் மெக்கிரீவி என்பவர் நடத்திய மதுக்கடையின் பெயர் "மூன்றாம் தளம்" என்பதாகும். ஆட்டத்தில் மூன்றாம் தளத்தைக் கடந்தால் அடுத்து வருவது "வீடு" எனப்படும் தளம். வீடு திரும்புமுன் கடைசியாக நிற்கும் இடம் என்னும் பொருளில் அப்பெயர் வைக்கப்பட்டது. கடையின் சுவர்களை அவர் ஆட்டக்காரர்களின் ஒளிப்படங்களால் நிரப்பியிருந்தார். மதுவிலக்கின்போது கடை மூடப்பட்டபின் அப்படங்கள் பாசுடன் பொது நூலகத்துக்கு வழங்கப்பட்டன.

முன்னாள் ஆட்டக்காரரும் விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளருமான ஆல்பர்ட் இசுபால்டிங், ஹாரி ரைட், செய்தியாளர் ஹென்றி சாட்விக் ஆகியோரின் நூல்களையும் தாள்களையும் தன்னிடம் சேர்த்தார். இத்தொகுப்பு 1921இல் அவர் மனைவியால் நியூயார்க் பொது நூலகத்துக்கு அளிக்கப்பட்டது.

அட்டை சேகரிப்பை ஒழுங்குபடுத்தியவர் செபர்சன் பர்டிக் ஆவார். நியூயார்க் மாநிலத்தின் சிரக்கூசு நகரைச் சேர்ந்த இவர், மின்கருவித் தொழிற்சாலை ஒன்றின் ஊழியர். மூட்டுவாதத்தால் துன்புற்ற இவர் 1930களில் தொடங்கி அமெரிக்க அட்டைகள் அனைத்துக்குமான பட்டியல் ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு "என்", 20ஆம் நூற்றாண்டினவற்றுக்கு "டி", தொடக்ககால இனிப்புப் பண்ட அட்டைகளுக்கு "இ" என்று அவர் இட்ட குறியீடுகளே இன்றும் வழங்குகின்றன. டி206 என்னும் பெயரும் அவர் இட்டதே. தாம் திரட்டிய மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் தாள்களையும் நியூயார்க்கின் பெருநகரக் கலை அருங்காட்சியகத்துக்கு அவர் கொடையளித்தார். இவற்றுள் 30,000க்கும் மேற்பட்டவை அடிபந்தாட்ட அட்டைகள் ஆகும். அவற்றைத் தாமே வகைப்படுத்தித் தொகுப்பேடுகளில் ஒட்டும் பணியை 1963 ஜனவரியில் முடித்தார். இரண்டு மாதங்களில் காலமானார். ஒட்டப்பட்ட அட்டைக்குச் சந்தையில் மதிப்புக் குறையும். எனினும் அவை பிரிக்கப்படாமல் ஒரே இடத்தில் பொதுமக்கள் காணும் வகையில் உள்ளன.

1970களில் சேகரிப்பாளர் மாநாடுகளும், 1980களில் பெரும் ஏலங்களும் தோன்றின. அதன்பின் இப்பொழுதுபோக்கு முதலீட்டுத் துறையாகவும் மாறியது.

ஓனசு வாக்னர் அட்டை

டி206 தொகுதியிலுள்ள ஓனசு வாக்னரின் அட்டை, இத்துறையின் மிகவும் அறியப்பட்ட பொருளாகும். பிட்சுபர்க் பைரேட்சு அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரரான வாக்னர், தன் படத்தை அச்சிட மறுத்ததால் அச்சு விரைவில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 60 அட்டைகளே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

அவர் மறுத்ததற்கு இரு காரணங்கள் கூறப்படுகின்றன. சிறுவர்கள் தன் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒன்று. படத்தைப் பயன்படுத்த உரிய தொகை வழங்கப்படவில்லை என்பது மற்றொன்று. வாக்னர் தாமே புகையிலை பயன்படுத்தியவர் என்பதால் முதல் காரணத்தைச் சிலர் ஐயுறுகின்றனர். ஆயினும் புகையிலை பயன்படுத்தும் ஒருவர் சிறுவர்கள் அதைப் பயன்படுத்துவதை விரும்பாதிருப்பதில் முரண்பாடு இல்லை என்றும் கூறப்படுகிறது.

இவ்வட்டைகளுள் ஒன்று 1985இல் 25,000 டாலருக்குப் பில் மாசுட்ரோ என்னும் வணிகரால் வாங்கப்பட்டது. 1991இல் பனி ஹாக்கி வீரர் வெயின் கிரெட்சுகியும் அவருடைய கூட்டாளியும் அதனை 4,51,000 டாலருக்கு வாங்கினர். அதே ஆண்டில் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஏ. தரநிர்ணய நிறுவனம், இவ்வட்டைக்கே தன் முதல் சான்றெண்ணை வழங்கிப் பத்துக்கு எட்டு என்னும் தரத்தை அளித்தது. 2007இல் இதன் விலை 28 இலட்சம் டாலரை எட்டியது. 2013இல், இவ்வட்டையின் ஓரங்களைத் தாம் வெட்டிச் சீராக்கியதாக மாசுட்ரோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஏல மோசடி தொடர்பான வழக்கில் 2015இல் அவருக்கு 20 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தரநிர்ணய முறையின் முதல் சான்றைப் பெற்ற அட்டையே, அம்முறை கண்டறிந்து தடுக்கவேண்டிய திருத்தத்துக்கு உள்ளானதாக இருந்தது.

இலங்கையில் அடிபந்தாட்டச் சுற்றுப்பயணங்கள்

தொடக்ககாலத் தொழில்முறை அடிபந்தாட்டம் தமிழர் வாழும் நிலப்பகுதியை நேரடியாகத் தொட்டது இலங்கையில் ஆகும். ஆட்டத்தைப் பரப்பவும் தன் விளையாட்டுப் பொருட்களுக்குச் சந்தை தேடவும், இசுபால்டிங் 1888 நவம்பரில் சிகாகோ அணியையும் பிற அணிகளிலிருந்து தேர்ந்த "அனைத்து அமெரிக்கா" அணியையும் கப்பலேற்றி உலகைச் சுற்றிவந்தார். நியூசிலாந்து, ஆத்திரேலியா ஆகிய நாடுகளுக்குப் பின் 1889 ஜனவரியில் இவர்கள் கொழும்பில் ஓர் ஆட்டம் ஆடினர். பின்னர் எகிப்து சென்று பிரமிடுகளின் அருகே ஆடினர். இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து வழியாக 1889 ஏப்ரலில் நியூயார்க் திரும்பினர். அங்கு நடந்த வரவேற்பு விருந்தில் எழுத்தாளர் மார்க் டுவைன் உரையாற்றினார். விருந்தின் உணவுப் பட்டியல், ஆட்டத்தைப் போலவே ஒன்பது சுற்றுகளாக அமைக்கப்பட்டிருந்தது.

1913–14இல் நியூயார்க் ஜயன்ட்சு, சிகாகோ ஒயிட் சாக்சு அணிகள் மேற்கொண்ட இரண்டாம் உலகச் சுற்றுப்பயணத்தின்போதும் 1914 ஜனவரியில் கொழும்பில் ஆட்டம் நடைபெற்றது. ஒலிம்பிக் வீரர் ஜிம் தோர்ப் இப்பயணத்தில் பங்கேற்றார்.

ஸ்பிங்சு சிலைமேல் ஆட்டக்காரர்கள் அமர்ந்திருக்கும் 1889ஆம் ஆண்டு ஒளிப்படம், விருந்தின் உணவுப் பட்டியல், நிகழ்ச்சி ஏடுகள் போன்றவை சேகரிப்பாளர்களால் பெரிதும் நாடப்படுகின்றன. சிகாகோ அணித்தலைவர் கேப் ஆன்சன் 1900இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் இலங்கைப் பயணத்தையும் விவரித்துள்ளார். அக்காலக் கொழும்பு நாளிதழ்களும் துறைமுகப் பதிவுகளும் இப்பயணங்கள் குறித்து மேலும் ஆராய உதவக்கூடியவை.

கறுப்பின ஆட்டக்காரர்கள்

1884இல் டொலிடோ அணிக்காக மோசசு பிளீட்வுட் வாக்கர் முதன்மை லீக் ஒன்றில் ஆடினார். அதன்பின் 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை முதன்மை லீக்குகளில் கறுப்பினத்தவருக்கு இடம் மறுக்கப்பட்டது. மேலே குறிப்பிட்ட ஆன்சன் இவ்விலக்கை வலியுறுத்தியோருள் முக்கியமானவர். புகையிலை அட்டைகள் முதன்மை லீக்குகளையும் அவற்றுக்கு அடுத்தநிலை வெள்ளையர் அணிகளையுமே சித்திரித்தன. ஆதலால் 1885இல் உருவான கியூபன் ஜயன்ட்சு போன்ற கறுப்பினத் தொழில்முறை அணிகளின் ஆட்டக்காரர்கள் அவற்றில் இடம்பெறவில்லை. இவ்வணிகளைப் பற்றி எஞ்சியுள்ள குழு ஒளிப்படங்கள், சுவரொட்டிகள், கடிதத்தாள்கள் ஆகியவை மிகச் சிலவே. அட்டைத் தொகுதிகளை மட்டும் கொண்டு அக்கால ஆட்டத்தை மதிப்பிட்டால் அது முழுமையாகாது. 2020 டிசம்பரில், 1920–1948 காலத்தின் கறுப்பினர் லீக்குகளுக்கு முதன்மை லீக் தகுதி அளிக்கப்பட்டது.

சிக்கல்கள்

தவறான வரலாறு

1907இல் ஒரு குழு, ஆப்னர் டபுள்டே என்பவர் 1839இல் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்சுடவுனில் இவ்வாட்டத்தைக் கண்டுபிடித்ததாக முடிவு செய்தது. முதியவர் ஒருவரின் நினைவுக் கடிதமே இதற்கு முதன்மைச் சான்று. 1930களில் அவ்வூருக்கு அருகில் ஒரு பழைய பெட்டியிலிருந்து கிடைத்த கிழிந்த பந்து "டபுள்டே பந்து" எனப் பெயரிடப்பட்டு, 5 டாலருக்கு வாங்கப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1939இல் திறக்கப்பட்ட தேசிய அடிபந்தாட்டப் புகழவை அருங்காட்சியகத்தின் தொடக்கப் பொருட்களுள் இதுவும் ஒன்று. டபுள்டே கதையை வரலாற்றாய்வாளர்கள் இன்று ஏற்பதில்லை. ஆயினும் அருங்காட்சியகம் அவ்வூரிலேயே அமைந்துள்ளது.

போலிகள்

நியூ செர்சியைச் சேர்ந்த பாரி ஹால்பரின் தொகுப்பு உலகின் மிகப்பெரிய தனியார் தொகுப்பாகப் போற்றப்பட்டது. அதன் ஒரு பகுதி புகழவை அருங்காட்சியகத்துக்குச் சென்றது. பெரும்பகுதி 1999இல் இரண்டு கோடி டாலருக்கும் மேல் ஏலம் போனது. பின்னர் அதிலிருந்த பல பொருட்களின் உண்மைத்தன்மை கேள்விக்கு உள்ளானது. ஜோ ஜாக்சன் 1919இல் அணிந்ததாகக் கூறப்பட்ட சட்டை, சோதனையில் அக்காலத்தது அன்று எனத் தெரியவந்தது.

திருட்டு

நியூயார்க் பொது நூலகத்தின் இசுபால்டிங் தொகுப்பிலிருந்தும், பாசுடன் நூலகத்தின் மெக்கிரீவி தொகுப்பிலிருந்தும் பல ஒளிப்படங்களும் கடிதங்களும் 1970களிலும் அதனை ஒட்டிய ஆண்டுகளிலும் களவாடப்பட்டன. அவற்றுள் சில நூலக முத்திரை சுரண்டப்பட்ட நிலையில் சந்தைக்கு வந்தன. 2009இல் ஹாரி ரைட்டுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் ஏலத்துக்கு வந்தபோது அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுப் பிரிவு விசாரணை மேற்கொண்டது. தொகுப்பிலிருந்து பிரிந்த கடிதம் தனிப்பொருளாகி விடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் இருந்த கடிதங்களோடு சேர்த்துப் படிக்கும் வாய்ப்பை ஆய்வாளர் இழக்கிறார்.

உண்மைத்தன்மையை அறிதல்

* அச்சு முறை: உண்மையான டி206 அட்டைகள் கல்லச்சில் உருவானவை. உருப்பெருக்கியில் பார்க்கும்போது பெயர் எழுத்துகள் முழு மையாகத் தெரியும். பிற்கால மறு அச்சுகளில் எழுத்தும் புள்ளிகளால் ஆனதாகத் தெரியும்.
* தாள்: 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தைய தாள்களில் வெண்மையூட்டும் வேதிப்பொருட்கள் சேர்க்கப்பட்டன. புறஊதா ஒளியில் இவை நீலநிறமாக ஒளிரும். பழைய தாள் அவ்வாறு ஒளிராது.
* ஓரம்: புதிதாக வெட்டிய ஓரம், அட்டையின் மற்ற ஓரங்களைவிடக் கூர்மையாகவும் வெளுப்பாகவும் இருக்கும்.
* ஒளிப்பட ஒப்பீடு: சீருடையின் தையல், கறை, எழுத்துகளின் சாய்வு ஆகியவை அக்கால ஆட்ட ஒளிப்படங்களுடன் ஒப்பிடப்படுகின்றன.
* உடைமை வரலாறு: விற்பனைச் சீட்டு, குடும்பக் கடிதம், பழைய ஏலப் பட்டியல் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

2012இல் ஓகையோ மாநிலத்தின் டிஃபையன்சு நகரில் ஒரு பழைய வீட்டின் பரணில் 1910ஆம் ஆண்டைச் சேர்ந்த ஏறத்தாழ 700 இனிப்புப் பண்ட அட்டைகள் பெட்டியோடு கிடைத்தன. ஒரே குடும்பத்தின் வீட்டிலேயே ஒரு நூற்றாண்டு இருந்ததால் இவற்றின் உண்மைத்தன்மை எளிதில் ஏற்கப்பட்டது.

பாதுகாப்பு

தாள் பொருட்களுக்கு ஈரப்பதம், ஒளி, அமிலம், பூச்சி ஆகியவை பகையாகும். அமிலமற்ற தாள் உறைகளும் பாலியெஸ்டர் உறைகளும் பரிந்துரைக்கப்படுகின்றன. பி.வி.சி. நெகிழி உறைகள் நாளடைவில் கசிந்து படத்தைக் கெடுக்கும். ஒட்டுநாடா, பசை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். தமிழ்நாடு, இலங்கை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிக்க பகுதிகளில் பொருளைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் சிலிக்கா கூழ்மப் பொதிகளுடன் வைத்து அவ்வப்போது சோதிப்பது நல்லது.

குறிப்பிடத்தக்க விற்பனைகள்

* 2012: பேப் ரூத்தின் 1920ஆம் ஆண்டளவிலான சட்டை, 44 இலட்சம் டாலர்
* 2016: 1857ஆம் ஆண்டின் விதிகள், 32.6 இலட்சம் டாலர்
* 2021: ஓனசு வாக்னர் அட்டை, 66 இலட்சம் டாலர்
* 2022: மற்றொரு வாக்னர் அட்டை, 72.5 இலட்சம் டாலர்
* 2023: பேப் ரூத்தின் 1914ஆம் ஆண்டு பால்ட்டிமோர் நியூசு அட்டை, 72 இலட்சம் டாலர்

ஒப்பீட்டுக்கு, பிற்காலத்தைச் சேர்ந்த பேப் ரூத்தின் 1932ஆம் ஆண்டு உலகத் தொடர்ச் சட்டை 2024இல் 2.4 கோடி டாலருக்கு விற்கப்பட்டது.

தமிழ்ச் சூழலில் ஒப்பிடத்தக்கவை

தமிழ்நாட்டில் சிவகாசித் தீப்பெட்டிப் படங்களைச் சிறுவர்கள் சேர்த்து வந்ததும், 1980கள், 1990களில் பபிள்கம்முடன் வந்த துடுப்பாட்டக்காரர் படங்களைச் சேர்த்ததும் புகையிலை அட்டை வழக்கத்தை ஒத்தவை. தொடக்ககாலத் துடுப்பாட்டத்தைப் பொறுத்தவரை, ரஞ்சித்சிங்ஜியின் படம் இங்கிலாந்துச் சிகரெட்டு அட்டைகளில் வெளிவந்துள்ளது. சென்னைச் சேப்பாக்கத்தில் பொங்கலையொட்டி ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையே நடைபெற்ற மதராசு மாகாண ஆட்டம் 1915–16 பருவம் முதல் 1950களின் தொடக்கம்வரை ஆண்டுதோறும் நிகழ்ந்தது. அதன் புள்ளி அட்டைகள், அழைப்பிதழ்கள், குழு ஒளிப்படங்கள் ஆகியவையும் இவ்வகை நினைவுப்பொருட்களே. இத்தகைய பழைய ஒளிப்படம் வீட்டில் இருப்பின், அதில் உள்ளோரின் பெயர், இடம், ஆண்டு, யாரிடமிருந்து கிடைத்தது ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி உடன் வைப்பது பயனுடையது. அவ்விவரம் அறிந்த முதியோர் மறைந்தபின் ஒளிப்படத்தைக் கொண்டு மட்டும் அவற்றை மீட்பது அரிது.

இவற்றையும் பார்க்க

* அடிபந்தாட்டம்
* துடுப்பாட்டம்
* அஞ்சல்தலை சேகரிப்பு
* நாணயவியல்
* சிவகாசி